மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர் காரியாலயம்

"நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்று கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் நான் சற்றுத் தயங்குவேன். டீச்சர் என்றால் எல்லோருக்கும் புரியும். பாங்கில் உத்தியோகம் என்றாலும் புரியும். "நாங்க நாலு பெண்கள் சேர்ந்து கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செய்து தருகிறோம், சின்னச் சின்னக் கணக்கு சாஃப்ட்வேரும் எழுதிக் கொடுக்கிறோம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவரின் பார்வை பந்திப் பக்கம் போய்விடும்!

'கம்ப்யூட்டர் சமாசாரம் நமக்கு எதற்கு?' என்று நீங்களும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. இதில் சமையலறைக்கும் தொட்டிலுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் நிறைய இருக்கிறது.

எங்கள் ஊர் கும்பகோணம். 2016 மகாமகம் முடிந்த கையோடு, மாமியார் வடாம் காயப்போட்டுக் கொண்டிருந்த மாடி அறையைக் காலி செய்து காரியாலயம் ஆரம்பித்தோம். 'நாம்' என்றால் என் நாத்தனாரும் நானும். அவள் சென்னையில் எட்டு வருஷம் பெரிய கம்பெனி ஒன்றில் புரோகிராமராக இருந்தவள். குழந்தை பிறந்த பிறகு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் வேலை கட்டிவரவில்லை. நான் பி.காம். படித்துவிட்டு ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தேன். பிறகு பி.சி.ஏ. முடித்த ஒரு சின்னப் பெண்ணும், கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த பக்கத்துத் தெரு சிநேகிதி ஒருத்தியும் சேர்ந்தார்கள். சிநேகிதிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் தமிழ் அவ்வளவு அழகாக எழுதுவாள். கடைக்காரர்களிடம் போனில் பேசி விஷயத்தைக் கறந்துவிடும் சாமர்த்தியமும் உண்டு.

வெப்சைட் என்பதை என் மாமியாருக்கு நான் விளக்கிய விதத்திலேயே உங்களுக்கும் சொல்கிறேன். இணையத்தில் ஒரு வீடு கட்டுவதாக வைத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு விலாசம் வேண்டும். அதுதான் டொமைன் பெயர். அதை வருஷத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். வீடு நிற்க மனை வேண்டும். அதுதான் ஹோஸ்டிங். அதற்கும் வாடகை உண்டு. இந்த இரண்டும் ஆன பிறகு கட்டடம் எழுப்பி, வர்ணம் பூசி, ஜன்னல் வைக்கிற கொத்தனார் வேலைதான் எங்களுடையது.

"அப்படின்னா பட்டா யார் பேரில் இருக்கும்?" என்றார் மாமியார். ஏழாம் கிளாஸ் படித்தவர். எங்கள் தொழிலில் உள்ள மிகப் பெரிய தகராறை ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார்!

ஆமாம், பட்டா யார் பேரில் என்பதுதான் பிரச்னை. விலாசத்தை வெப்சைட் செய்து கொடுப்பவரே தம் பெயரில் பதிவு செய்து வைத்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. முதலில் யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து ஏதாவது மனஸ்தாபம் வந்தால்தான் குட்டு வெளிப்படும். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கும் ஓர் அம்மாள் ஒரு நாள் கண்கலங்க எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். பதினோரு வருஷமாக அவர் பெயரோடு இருந்த விலாசம், செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தது. பாஸ்வேர்டும் அவரிடமே. கேட்ட பணத்தைக் கொடுத்தால்தான் திருப்பித் தருவாராம். நாங்கள் எவ்வளவு கடிதம் எழுதியும் பிரயோஜனம் இல்லை. கடைசியில் புது விலாசம் வாங்கி, பழைய மாணவிகளுக்கெல்லாம் அவரே தபாலட்டை எழுதினார்.

அன்றிலிருந்து எங்கள் காரியாலயத்தில் ஒரு வழக்கம். விலாசமும் மனையும் வாடிக்கையாளர் பெயரிலேயே, அவர் ஈமெயிலிலேயே பதிவாகும். பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி, கவரில் ஒட்டி, வேலை முடிகிற அன்று வெற்றிலை பாக்கோடு அவர் கையில் கொடுத்துவிடுவோம். நாளைக்கு அவர் வேறு ஆளிடம் போக நினைத்தால் தாராளமாகப் போகலாம். "இப்படிச் செய்தா யாரு உங்ககிட்ட திரும்பி வருவாங்க?" என்று என் கணவர் கேலி செய்வார். பட்டா நம் பெயரில் இருப்பதால் மட்டும் வருகிற வாடிக்கையாளர் எனக்கு வேண்டாம் என்றேன்.

கொள்கை என்றால் பெரிய வார்த்தையாகத் தோன்றுகிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தில், வருஷ லாபம் 5 கோடி ரூபாய் அல்லது விற்றுமுதல் 1,000 கோடி என்று ஒரு அளவைத் தாண்டிய நிறுவனங்கள், சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் வருஷ லாபத்தில் ஒரு நல்ல கறவை மாடு வாங்கலாம். ஆகையால் சட்டம் எங்களைக் கேட்காது. சட்டம் கேட்காத இடத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் சின்ன காரியாலயங்களுக்குள்ள சங்கதி.

இந்த இடத்தில் ஓர் அம்மையாரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டெஃபனி ஷர்லி என்று பெயர். 1933-ல் ஜெர்மனியில் டார்ட்மண்ட் என்னும் ஊரில் யூதரான ஒரு நீதிபதியின் மகளாகப் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சியில் உயிருக்கு ஆபத்து வரவே, 1939-ல் ஆயிரக்கணக்கான யூதக் குழந்தைகளை ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் அல்லவா, அந்த ரயிலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போன ஐந்து வயதுக் குழந்தை இவர். முன்பின் தெரியாத ஒரு தம்பதி எடுத்து வளர்த்தார்கள். கணக்கில் கெட்டிக்காரியாக வளர்ந்து, தபால் இலாகாவின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரவு வகுப்பில் படித்தே பட்டம் வாங்கினார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் கல்யாணம் ஆன பெண், குழந்தை பெற்ற பெண் என்றால் உத்தியோகக் கதவு மெதுவாகச் சாத்தப்படும். 1962-ல் வெறும் 6 பவுண்டு மூலதனத்தில், தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கினார் ஷர்லி. வேலைக்கு எடுத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? பிள்ளை பெற்று வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த புரோகிராமர் பெண்களை! அவரவர் வீட்டிலிருந்தே, அவரவருக்குத் தோதான நேரத்தில் வேலை. காகிதத்தில் பென்சிலால் புரோகிராம் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். 2020-ல் கொரோனா வந்தபோது உலகமே 'வீட்டிலிருந்து வேலை' என்று பேசியதே, அதை அந்த அம்மாள் 58 வருஷம் முன்னாலேயே செய்துவிட்டார்.

ஆரம்பத்தில் வேலை கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லையாம். கணவர் யோசனை சொன்னார். 'ஸ்டெஃபனி' என்று போடாமல் 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டு எழுதினார். ஆண் என்று நினைத்துப் பதில் வந்தது! நேரில் போய்க் கை குலுக்கும்போதுதான் அவர்களுக்குத் தெரியுமாம். இன்னொரு விஷயம் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டில் குழந்தை அழுகிற சத்தம் வாடிக்கையாளர் காதில் விழக்கூடாது என்று, டைப் அடிக்கும் சத்தத்தை டேப்பில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, போன் வந்ததும் அதைப் போட்டுவிடுவாராம். பெரிய ஆபீஸ் போலத் தோன்றுமாம். குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் வாடிக்கையாளர் போன் வந்து, கையில் கரண்டியோடு மொட்டை மாடிக்கு ஓடிய அனுபவம் எனக்குண்டு. அந்த டேப்பின் அருமை எனக்குத்தான் தெரியும்.

அந்தப் பெண்கள் செய்த வேலைகளில் ஒன்று, கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராம். 1975-ல் பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தைத் தடுக்க இங்கிலாந்தில் சட்டம் வந்தபோது, பெண்களை மட்டும் எடுப்பதும் தப்பு என்று ஆகி, ஆண்களையும் சேர்க்க வேண்டி வந்ததாம்! கம்பெனியின் பங்குகளில் பெரும் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊழியர்களுக்கே கொடுத்தார். பின்னால் அது பங்குச் சந்தைக்கு வந்தபோது அப்படிக் கோடீஸ்வரர் ஆன ஊழியர்கள் 70 பேர்.

இதையெல்லாம் சாதித்தவர் சுகமாக இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். 1963-ல் பிறந்த ஒரே பிள்ளைக்குக் கடுமையான ஆட்டிசம். சின்ன வயதிலேயே பேசின பேச்சும் நின்று போயிற்று. 35 வயதில், 1998-ல், தூக்கத்தில் வந்த வலிப்பில் மகன் இறந்து போனான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆராய்ச்சி முதலிய நற்காரியங்களுக்கு 6 கோடி பவுண்டுக்கு மேல் தம் சொத்தைக் கொடுத்தார் அந்தத் தாய். 2025 ஆகஸ்டில், 91-ஆவது வயதில் காலமானார். செய்தி வந்த அன்று என் நாத்தனார், ஒரு கடை அதிபர் படத்துக்கு இடம் போதவில்லை என்று சுவரில் ஆணி அடித்துக் கொண்டிருந்தாள். அந்த ஆணியில் ஷர்லியின் படம் மாட்டியாகிவிட்டது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடைகள் சாத்தியிருக்கும்போது யார் வெப்சைட் கேட்பார்கள்? என் கணவர் வேலை பார்த்த டிராவல்ஸிலும் பாதிச் சம்பளம், பிறகு கால் சம்பளம், அப்புறம் 'பார்க்கலாம்' என்று ஆயிற்று. 2021 தொடக்கத்தில் நாங்கள் நாலு பேரும் மாசம் ஆறாயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டால் பெரிசு. அந்த நிலைமையில்தான் வெளியூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். கடன் கொடுக்கிற ஒரு செல்போன் ஆப்புக்குத் திரைகளை வடிவமைக்க வேண்டும், தமிழும் வேண்டும். கூலி 3 லட்சத்து 40 ஆயிரம், பாதி அட்வான்ஸ்! என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய தொகைக்கு நான் பில் எழுதியதில்லை.

அவர்கள் அனுப்பிய விவரத்தை நாத்தனார் இரவெல்லாம் படித்தாள். காலையில் காப்பியோடு மாடிக்கு வந்து அதை எங்களுக்கு விளக்கினாள். ஏழே நாள் கடன். கேட்பது 5,000 என்றால் 'பிராசசிங் சார்ஜ்' என்று முதலிலேயே பிடித்துக்கொண்டு 3,000 சொச்சம்தான் கைக்கு வரும். திருப்ப வேண்டியது முழு 5,000. இது சின்ன எழுத்தில், சாம்பல் வர்ணத்தில், கடைசித் திரையில் இருக்க வேண்டும். 'சம்மதம்' என்கிற பொத்தான் மட்டும் பச்சையாகப் பெரிதாக. இதைவிட விபரீதம், செல்போனில் உள்ள எல்லா நம்பர்களையும், போட்டோக்களையும் ஆப் பார்ப்பதற்கு அனுமதி கொடுத்தால்தான் அடுத்த திரைக்கே போக முடியும்.

"நம்பரெல்லாம் எதுக்கு?" என்றேன்.

"கட்டலேன்னா மாமனாருக்கும், பையனோட ஸ்கூல் டீச்சருக்கும் போன் பண்றதுக்கு அண்ணி."

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஊரடங்கில் இதேதான் நடந்தது. அவள் போட்டோவை அசிங்கமாக மாற்றி, அவள் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினார்கள். ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்களுக்கெல்லாம் போயிற்று. ஒரு மாசம் வெளியே தலை காட்டவில்லை. சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தவளுக்கு என் மாமியார்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துக் கூடவே உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பேச்சு அன்று சுமுகமாக இல்லை. பி.சி.ஏ. படித்த சின்னப் பெண் நேராகவே கேட்டாள். அவள் அப்பாவுக்கு அப்போதுதான் இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது.

"நாம செய்யலேன்னா வேற ஒருத்தங்க செய்யத்தான் போறாங்க அக்கா. அந்த ஆப் வரத்தான் போகுது. நம்ம நாலு குடும்பம் மட்டும் பட்டினி கிடந்தா யாருக்கு லாபம்?"

யாரும் பதில் சொல்லவில்லை. சிநேகிதிதான் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தமிழை நான்தானே எழுதணும்? என்னால எழுத முடியாதும்மா" என்றாள். அவ்வளவுதான். நாத்தனார் 'இயலாது' என்று இரண்டு வரியில் கடிதம் எழுதினாள்.

அடுத்த இரண்டு மாசத்தை ஓட்ட என் வளையல்கள் கூட்டுறவு பாங்குக்குப் போயின. நாத்தனார் தன் மகள் பெயரில் போட்டிருந்த டெபாசிட்டை உடைத்தாள். என் கணவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாள் என்னோடு அதிகம் பேசவுமில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? சின்னப் பெண் அந்த வைகாசியில் சென்னையில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகும்போது அழுதாள். நானும் அழுதேன். பொங்கலுக்குப் பொங்கல் இன்றும் போன் செய்கிறாள். அவள் அன்று கேட்ட கேள்விக்கு இப்போதும் என்னிடம் சாமர்த்தியமான பதில் கிடையாது.

பிறகு நடந்தது பத்திரிகைகளில் எல்லோரும் படித்ததுதான். ரிசர்வ் பாங்கு நியமித்த குழு அந்த வருஷம் ஆராய்ந்ததில், கடன் கொடுக்கும் சுமார் 1,100 ஆப்களில் 600 சட்டவிரோதமானவை என்று தெரிய வந்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கு கண்டிப்பான விதிகள் போட்டது. கடன் ஆப் எதுவும் போனில் உள்ள நம்பர்களையோ போட்டோக்களையோ தொடக்கூடாது. எவ்வளவு வட்டி, எவ்வளவு சார்ஜ் என்பதை முன்கூட்டியே ஒரே தாளில் தெளிவாகக் காட்ட வேண்டும். அந்தச் செய்தியை நாத்தனார் சத்தமாக வாசித்தபோது சிநேகிதி மட்டும் தலை நிமிராமல் டைப் அடித்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கோடையில் எங்களைக் காப்பாற்றியது நாச்சியார்கோயில் பக்கம் குத்துவிளக்கு வார்க்கும் ஒரு குடும்பம். கோயில்களும் சத்திரங்களும் மூடி வியாபாரம் நின்றுபோனவர்கள், வெளியூருக்குத் தபாலில் விற்க வழி கேட்டு வந்தார்கள். 28 ஆயிரம் ரூபாய்க்கு வேலை. அதுவும் மூன்று தவணையில். அதற்கடுத்து ஒரு சித்த வைத்தியர், பிறகு ஒரு பட்டு ஜவுளிக் கடை. மெள்ள மெள்ள மூச்சு வந்தது.

தையல் வேலை செய்யும் அந்தப் பெண் விஷயத்துக்குப் பிறகுதான் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பமாயிற்று. சாயந்திரம் நாலிலிருந்து ஐந்தரை வரை, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு அறை. கட்டணம் கிடையாது. தெருப் பெண்கள் தங்கள் செல்போனோடு வரலாம். பெரிய பாடம் ஒன்றும் இல்லை. பணம் நம் கணக்குக்கு வருவதற்கு யு.பி.ஐ. பின் நம்பரைப் போடவே வேண்டியதில்லை. பின் நம்பர் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம். இந்த ஒன்றை மட்டும் முதல் மூன்று வாரம் திரும்பத் திரும்பச் சொன்னோம். பாங்கிலிருந்து பேசுகிறேன் என்று யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லக்கூடாது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ போனில் போலீஸ் உடுப்போடு மிரட்டினால் போனை வைத்துவிட வேண்டும். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. பணம் போய்விட்டதென்றால் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கைக்கு மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வழியுண்டு. இந்த நம்பரை நீங்களும் இப்போதே காலண்டரில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

என் மாமியார் முதல் வரிசை மாணவி. வகுப்பில் கற்றதை அவர் பிரயோகித்த அழகே தனி. லாட்டரி விழுந்திருக்கிறது என்று போன் செய்தவனிடம், "அப்படியாப்பா? நல்ல சேதி. நேரா வீட்டுக்கு வந்து கொடுத்துட்டு, சாப்பிட்டுட்டுப் போ" என்றாராம்!

இலவச வேலையைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு இரண்டு பொதுக் காரியங்களுக்கு வெப்சைட் செய்து தருகிறோம். ஒரு நூலகம், ஒரு முதியோர் இல்லம், இப்படி. ஆனால் சும்மா தருவதில்லை. 500 ரூபாயாவது வாங்குவோம். அவர்கள் பக்கத்தில் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் வந்து அதைப் பராமரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நாத்தனார் சென்னையில் பார்த்திருக்கிறாள். கம்பெனிக்காரர்கள் ஒரே நாளில் பனியன் போட்டுக்கொண்டு வந்து, அநாதை இல்லத்துக்கு வெப்சைட் செய்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த வருஷம் அது செத்துக் கிடக்கும். நன்கொடைக் கணக்குக்குப் பதில் ஏதோ சூதாட்ட விளம்பரம் வரும். செடி வைத்தால் போதுமா, தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாமா?

இன்னொன்று, பார்வை இல்லாதவர்கள். செல்போன் திரையில் உள்ளதை அவர்கள் காதால் படிக்கிறார்கள் என்பது நான் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். திரையைப் படித்துச் சொல்லும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று என்.வி.டி.ஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள், மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்பவர்கள், 2006-ல் தொடங்கியது. விலை இல்லை. தமிழும் படிக்கும். ஆனால் நாம் எழுத்தை எழுத்தாக வைத்தால்தானே அது படிக்கும்? விலைப்பட்டியலையே போட்டோ பிடித்துப் போட்டுவிட்டால், பாவம், 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அது இன்னதென்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கும் உண்டு. வெப் சம்பந்தமான விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பு இதற்கெல்லாம் 1999-லேயே வழிகாட்டி போட்டுவிட்டது. நம் நாட்டில் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல். கடைக்காரர்கள் ஒருவர்கூட இதைக் கேட்பதில்லை. "கண்ணு தெரியாதவங்க என் கடைக்கு எதுக்குமா வரப் போறாங்க?" என்பார்கள். நாங்கள் கேட்காமலேயே செய்து விடுகிறோம். அதற்கென்று பில்லில் தனியாகப் போடுவதில்லை. வீடு கட்டுபவர் வாசற்படிக்கென்று தனியாகக் காசு கேட்பாரா?

எங்கள் நேர ஒழுங்கையும் சொல்ல வேண்டும். இது ஆரோக்கியப் பத்திரிகை அல்லவா? காலை பத்திலிருந்து ஐந்து வரைதான் வேலை. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையை விட்டு இருபது அடி தூரத்தில் இருக்கும் எதையாவது இருபது விநாடி பார்க்க வேண்டும். கண் டாக்டர்கள் சொல்வதுதான். எங்களுக்கு ஜன்னல் வழியே எதிர் வீட்டுத் தென்னை மரம் வாகாக இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் வாடிக்கையாளர் போன் எடுப்பதில்லை. குழந்தைக்கு ஜுரம் என்றால் காரணம் கேட்காமல் லீவு. முதலில், "லேடீஸ் நடத்தற ஆபீஸ், அப்படித்தான் இருக்கும்" என்று முணுமுணுத்தவர்கள் இருக்கிறார்கள். சொன்ன தேதிக்கு வேலை வந்து சேரவும் முணுமுணுப்பு நின்றது. புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஏழு மாதக் கைக்குழந்தையோடு வருகிறாள். உத்தரத்தில் தூளி கட்டியாயிற்று. அவள் புரோகிராம் எழுதுகிறாள், ஆட்டுவது யார் கை சும்மா இருக்கிறதோ அவர்கள்.

நாங்கள் முடித்த வேலையைப் பரீட்சை செய்து பார்ப்பவர் பார்வையற்ற ஓர் ஆசிரியை. ரிடையர் ஆனவர். தமிழ் எம்.ஏ. அவருக்கு மணிக்கு இவ்வளவு என்று கணக்காகச் சம்பளம் உண்டு. தர்மத்துக்கு வந்து பார்ப்பதாக இருந்தால் வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வாசலில் ஆட்டோ நின்றதும் எங்கள் வயிற்றில் புளி கரைக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாரென்றால் தப்பு தப்பாகப் பொறுக்கி எடுப்பார். போன வெள்ளிக்கிழமை ஒரு புடவைக் கடை வெப்சைட்டைக் கொடுத்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்குப் பரிபூர்ண நம்பிக்கை. முக்கால் மணி நேரத்தில் பதினொரு குறை சொன்னார். ஒவ்வொரு புடவைக்கும் 'அழகான பட்டுப்புடவை' என்றே எழுதியிருந்ததாம்.

"அழகா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்மா. என்ன கலர், என்ன பார்டர், முந்தானைல என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க" என்றார்.

சிநேகிதி நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டாள். மொத்தம் 140 புடவை. திங்கட்கிழமை வரை எண்பத்திரண்டு ஆகியிருக்கிறது.